விட்டுப்போன காய்ச்சல் திரும்பி வந்தால்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. சர்க்கரை நோய் 14 வருடமாக இருக்கிறது. ஐப்பசி மழையில் காய்ச்சல், உடம்புவலி, வறட்டு இருமல் வந்தது. இரண்டாம் நாள் பரிசோதனையில் இன்ஃப்ளுயன்ஸா ஏ என்றார்கள். டாக்டர் எழுதிய வைரஸ் மாத்திரையை வாங்கவில்லை, பாராசிட்டமால் மட்டும் கொடுத்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டு நன்றாகச் சாப்பிட்டார். எட்டாம் நாள் இரவு குளிர்நடுக்கத்தோடு மறுபடி காய்ச்சல். வலது விலாவில் குத்தல், துரு நிறத்தில் சளி. வீட்டில் மிச்சமிருந்த அசித்ரோமைசின் மூன்று நாள் கொடுத்தோம், கேட்கவில்லை. ஆக்சிஜன் 91 ஆனதும் மருத்துவமனையில் சேர்த்தோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்மடல் வெளுத்திருப்பதால் நிமோனியா என்று ஊசி போடுகிறார்கள், இப்போது பரவாயில்லை. தொண்டையில் எடுத்த பி.சி.ஆர். அறிக்கையில் இன்ஃப்ளுயன்ஸாவோடு ரைனோவைரஸ், நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் என்று நான்கு கிருமிகள் இருப்பதாக வந்திருக்கிறது. நான்குக்கும் தனித்தனி மருந்து வேண்டாமா? முதல் நாளே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் இது வந்திருக்காது அல்லவா? இப்போது அம்மாவுக்கும் (62, ரத்தக்கொதிப்பு உண்டு) என் நான்கு வயது மகனுக்கும் நேற்றிலிருந்து காய்ச்சல். இவர்களுக்காவது முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமா?
— ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவும் பையனும் இன்று காய்ச்சலில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம். அம்மாவை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இன்ஃப்ளுயன்ஸாதான் என்று அவர் கருதினால் ஓசெல்டாமிவிர் எழுதுவார். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம், காலையும் இரவும், 5 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். அதனால் கிரியாட்டினின் பார்த்த பழைய அறிக்கை இருந்தால் எடுத்துப் போங்கள். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் இந்த மருந்தின் முழுப் பயன் கிடைக்கும். அப்பாவுக்கு வாங்காமல் விட்டது இந்த மாத்திரைதான். வாங்கியிருந்தால் நிமோனியா வந்தே இருக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், ஆஸ்துமா பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு இந்த மருந்தைத் தாமதிக்காமல் தொடங்குவதே சரி.

பையனுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. 15 கிலோ வரை 30 மில்லிகிராம், அதற்கு மேல் 23 கிலோ வரை 45 மில்லிகிராம், இரண்டு வேளை. குழந்தை டாக்டர் எடை பார்க்காமல் எழுதினால் நீங்களே எடையைச் சொல்லுங்கள். பாராசிட்டமால் சிரப்பில்தான் வீடுகளில் அதிகத் தவறு நடக்கிறது. கடையில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 15 கிலோ குழந்தைக்கு 225 மில்லிகிராம் வரும். 250 பாட்டிலில் அது நாலரை மில்லி, 125 பாட்டிலில் ஒன்பது மில்லி. "ஒரு மூடி" என்று ஊற்றினால் ஒரு பாட்டிலில் பாதி அளவுதான் போகும், இன்னொன்றில் இரட்டிப்பாகிவிடும். 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடவே கூடாது. இது டெங்குக் காலமும்கூட. டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இனி அப்பாவுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். வைரஸ் பாக்டீரியாவாக மாறுவதில்லை. அவருக்கு வந்தவை அடுத்தடுத்து இரண்டு நோய்கள். நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா நம்மில் பலரின் மூக்கிலும் தொண்டையிலும் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. சிறு குழந்தைகளிடம் இன்னும் அதிகம். மூச்சுக்குழாயின் உள்பக்கம் நுண்ணிய மயிரிழைகள் அசைந்து அசைந்து சளியையும் அதில் ஒட்டிய கிருமிகளையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால் அது நுரையீரலுக்குள் இறங்குவதில்லை. இன்ஃப்ளுயன்ஸா வைரஸ் பெருகும் இடமே அந்த மயிரிழைச் செல்கள்தான். மூன்று நான்கு நாளில் அவை உதிர்ந்து, அடியில் உள்ள சவ்வு புண்ணாகத் திறந்து கிடக்கும். வைரஸின் மேலுள்ள நியூராமினிடேஸ் என்ற நொதி செல்களின் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமிலத்தைச் சீவி எடுப்பதால், பாக்டீரியா ஒட்டிக்கொள்ள வசதியான இடங்கள் வெளியே தெரிகின்றன. இதோடு வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான்கள், நுரையீரல் காற்றறைகளில் பாக்டீரியாவை விழுங்கும் செல்களைச் சில நாட்களுக்கு மந்தப்படுத்திவிடுகின்றன. இவை எல்லாம் சேர்ந்து உச்சத்துக்கு வருவது நோய் தொடங்கிச் சுமார் ஒரு வாரத்தில். வைரஸ் அடங்கிக் காய்ச்சல் விட்டு, "சரியாகிவிட்டது" என்று வீடு நிம்மதியடையும் நாட்களும் இவைதான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு வெள்ளணுக்களின் வேகமும் குறைவு.

எட்டாம் நாள் குளிர்நடுக்கம், மூச்சை இழுக்கும்போது ஒரு பக்கம் குத்தல், துரு நிறச் சளி: நீங்கள் எழுதியிருப்பது நியூமோகாக்கஸ் நிமோனியாவின் முகத்தை அப்படியே காட்டுகிறது. இந்தக் கடிதத்திலிருந்து மற்ற வாசகர்கள் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் அது இந்த இரண்டாவது காய்ச்சலாக இருக்கட்டும். ஃப்ளூவில் காய்ச்சல் தொடர்ந்து மூன்று நான்கு நாள் அடிப்பது இயல்பு. ஒரு நாளோ இரண்டு நாளோ முழுதாக விட்டுவிட்டு, நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் 100.4 டிகிரிக்கு மேல் திரும்பி வருவது இயல்பு அல்ல. அதை மீதமுள்ள மாத்திரையால் சமாளிக்கப் பார்க்கக் கூடாது. அன்றே நெஞ்சைப் பரிசோதித்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இந்தக் கூட்டணி புதிதல்ல. 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைத் திரும்பத் திரும்பக் கண்டு, அதுதான் ஃப்ளூவுக்கே காரணம் என்று அறிவித்தார். ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. உங்கள் அறிக்கையில் உள்ள ஹீமோஃபிலஸ் அதுதான். உண்மையான வைரஸ் மனிதரிடமிருந்து பிரிக்கப்பட்டது 1933-இல். 1918 கொள்ளைநோயில் இறந்த 58 பேரின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மறுபடி பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியா என்பது அவர்கள் முடிவு. 2009-இல் பன்றிக்காய்ச்சல் என்று நாம் அழைத்த எச்1என்1 பரவியபோதும், அமெரிக்காவில் இறந்தவர்களில் 77 பேரின் திசுக்களைச் சோதித்ததில் 22 பேரிடம் பாக்டீரியாத் தொற்று சேர்ந்திருந்தது. ஆன்டிபயாடிக் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் நிலைமை இதுதான்.

அப்படியானால் முதல் நாளே கொடுப்பதுதானே புத்திசாலித்தனம் என்று தோன்றும். இல்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் நாள் நுரையீரலில் கொல்வதற்குப் பாக்டீரியா ஏதும் இல்லை. மாத்திரை போய்ச் சேர்வது தொண்டையிலும் குடலிலும் குடியிருப்பவற்றிடம். அவற்றில் மருந்துக்கு அடங்கும் வகைகள் செத்து, அடங்காதவை மிஞ்சும். ஒரு வாரம் கழித்து மூச்சுக்குழாய் திறந்து கிடக்கும்போது உள்ளே இறங்கக் காத்திருப்பது அந்த மிஞ்சியவைதான். ஐந்து நாள் மருந்து ஐந்தாம் நாளே முடிந்துவிடும், ஆபத்து வருவதோ எட்டாம் நாள். கோவிட் காலத்தில் இதைப் பெரிய அளவில் பார்த்தோம். மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஆன்டிபயாடிக் தேவைப்படும் பாக்டீரியாத் தொற்று இருந்தது 8 சதவீதம் பேருக்கு, ஆனால் கொடுக்கப்பட்டது சுமார் 75 சதவீதம் பேருக்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் சொன்னது. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது இந்திய மருத்துவச் சங்கம் டாக்டர்களுக்கே அறிவுறுத்தல் விட்டது: காய்ச்சல் மூன்று நாளில் விடும், இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும், இதற்கு ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள் என்று.

அசித்ரோமைசின் ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அதை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வாங்கி, நியூமோகாக்கஸில் கணிசமான வகைகள் அந்த மருந்துக் குடும்பத்துக்கே அடங்காமல் போய்விட்டன. நிமோனியாவுக்கு அதை மட்டும் தனியாக நம்ப முடியாது. அரைகுறையாக வேலை செய்தாலும் இன்னொரு கெடுதல் உண்டு: பிறகு எடுக்கும் சளி, ரத்தக் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். எது என்று தெரியாமலே டாக்டர் மருந்து கொடுக்க வேண்டிவரும். அப்பா எந்த மாத்திரையை எந்தத் தேதியில் எத்தனை சாப்பிட்டார் என்பதை வார்டு டாக்டரிடம் எழுதிக் கொடுங்கள். நியூமோகாக்கஸுக்கு ஒரு சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது. ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகும் அது காட்டிக்கொடுக்கும். அந்த மருத்துவமனையில் வசதி உண்டா என்று கேட்கலாம்.

இதே இடத்தில் லீவோஃப்ளாக்சசின் பற்றியும் ஓர் எச்சரிக்கை. "ஸ்ட்ராங்கான மாத்திரை" என்று அதைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். உள்ளே காசநோய் இருந்தால் இருமல் தற்காலிகமாகக் குறைந்து, நோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்தவோ ஏற்றவோ செய்யும். டாக்டர் காரணத்தோடு எழுதினால் சாப்பிடலாம், கடைக்காரர் கொடுத்தால் வேண்டாம். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி மாத்திரைகளை இருமலுக்காகப் போடுவதையும் மறுத்துவிடுங்கள். ஃப்ளூவில் அவை இரண்டாம் தொற்றுக்கு வாசலைத் திறக்கின்றன, சர்க்கரையை முந்நூறுக்கு மேல் ஏற்றுகின்றன. 2021-இல் கருப்புப் பூஞ்சை அத்தனை பேரைத் தாக்கியதன் பின்னால் இந்த இரண்டும் சேர்ந்திருந்தன. ஆஸ்துமாவுக்கோ, ஆக்சிஜன் தேவைப்படும் கோவிடுக்கோ ஸ்டீராய்டு கொடுப்பது வேறு கணக்கு.

நான்கு கிருமி அறிக்கைக்கு வருகிறேன். பி.சி.ஆர். கருவி கிருமியின் மரபணுத் துணுக்கைத் தேடுகிறது. அது உயிரோடு இருக்கிறதா, நோய் உண்டாக்குகிறதா, சும்மா குடியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பஞ்சைத் தொட்டெடுத்தது தொண்டையில், நோய் இருப்பது வலது நுரையீரலின் கீழ்மடலில். ஹீமோஃபிலஸ், நியூமோகாக்கஸ் இரண்டும் தொண்டையில் தெரிவது நலமாக இருப்பவரிடமும் சாதாரணம். ரைனோவைரஸ் சாதாரணச் சளியை உண்டாக்குவது. அதன் துணுக்குகள் சளி தீர்ந்து வாரக்கணக்கில் கிடைத்துக்கொண்டிருக்கும், அதற்கென்று மருந்தும் கிடையாது. அதனால் நான்கு கிருமிக்கு நான்கு மருந்து என்ற கணக்கே எழவில்லை. எட்டாம் நாள் காய்ச்சல், ஒருபக்க வலி, எக்ஸ்ரேயில் ஒரே மடல் வெளுத்திருப்பது, துரு நிறச் சளி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் நியூமோகாக்கஸைக் குற்றவாளி என்கிறோம். அதைத் தாக்கும் ஊசிகளில் பெரும்பாலானவை ஹீமோஃபிலஸையும் சேர்த்தே கவனித்துக்கொள்ளும். இன்ஃப்ளுயன்ஸாவுக்கு, மருத்துவமனையில் சேரும் அளவு நோய் முற்றியவருக்கு 48 மணி நேரம் கடந்திருந்தாலும் ஓசெல்டாமிவிர் கொடுப்பது வழக்கம். அப்பாவுக்குத் தொடங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

தொண்டைப் பஞ்சைவிட ஒழுங்காக எடுத்த சளி அதிகம் சொல்லும். கிருமியோடு, எந்த மருந்து கேட்கும் என்பதையும் அது காட்டும். ஆனால் பெரும்பாலும் எச்சிலைத்தான் பிடித்துக் கொடுக்கிறோம். காலை எழுந்ததும், சாப்பிடும் முன், பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, வெறும் தண்ணீரால் இரண்டு முறை வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை ஆழமாக இழுத்துச் சில விநாடி நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து இரும வேண்டும். கெட்டியாக வருவதை மட்டும் ஆய்வகம் கொடுக்கும் அகலவாய் டப்பியில் துப்பி, இறுக மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் புலத்தில் சீழணுக்கள் 25-க்கு மேலும் வாய்ச்செல்கள் 10-க்குக் குறைவாகவும் இருந்தால்தான் நல்ல சளி. இல்லையென்றால் ஆய்வகமே திருப்பி அனுப்புவது நியாயம், அதற்காக அவர்களோடு சண்டை போடாதீர்கள்.

சரியான ஊசி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்க வேண்டும், மூச்சு வேகம் குறைய வேண்டும், பசி எடுக்க வேண்டும். எக்ஸ்ரே மட்டும் பின்தங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்று நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் டாக்டர் சில விஷயங்களைத் தேடுவார். நெஞ்சுக்கூட்டில் நீரோ சீழோ சேர்ந்திருக்கலாம். அல்ட்ராசவுண்டில் தெரியும், குழாய் போட்டு வடிக்காமல் எந்த மருந்தும் கேட்காது. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியாவாக இருக்கலாம். ஃப்ளூவுக்குப் பின் வரும் நிமோனியாக்களில் மிக வேகமானது அது, ரத்தச் சளியும் நுரையீரலில் குழிகளும் உண்டாக்கும், வழக்கமான ஊசி போதாமல் வான்கோமைசினோ லினசோலிடோ தேவைப்படலாம். காசநோய் இருக்கலாம். சர்க்கரை உள்ளவர், மழைக்காலம், வயல் சேற்றிலும் தண்ணீரிலும் புழங்குபவர் என்றால் மெலியாய்டோசிஸ் என்ற மண் கிருமித் தொற்றையும் நினைக்க வேண்டும். அதற்குச் செஃப்டசிடிமோ மெரோபெனமோ வாரக்கணக்கில் தேவை, சாதாரண நிமோனியா மருந்துக்கு அது மசியாது. அப்பாவுக்கு விவசாயப் பழக்கம் உண்டென்றால் அதைச் சொல்லிவிடுங்கள், யாரும் கேட்காவிட்டாலும்.

வார்டிலேயே பிடித்துக்கொள்ளும் தொற்று வேறு வகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 10 மருத்துவமனைகளில் 17,534 கோவிட் நோயாளிகளைப் பார்த்ததில் 3.6 சதவீதம் பேருக்கு இப்படி இரண்டாம் தொற்று வந்தது. மொத்த நோயாளிகளில் இறப்பு 10.6 சதவீதமாக இருக்க, இவர்களில் அது 56.7 சதவீதம். முன்னணியில் இருந்தவை கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபேக்டரும், பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள். உடனிருப்பவர் இதில் நிறையச் செய்யலாம். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வையுங்கள். படுக்க வைத்துக் கஞ்சி ஊட்டாதீர்கள், நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். காலையும் இரவும் பல் துலக்கிவிடுங்கள். அவரைத் தொடும் முன்னும் பின்னும் கையில் ஸானிடைசர் தேயுங்கள். டாக்டர் அனுமதித்த அன்றே எழுப்பி நடக்க வையுங்கள். பார்க்க வரும் உறவினர் கூட்டத்தைத் தயங்காமல் தடுத்துவிடுங்கள், குறிப்பாக இருமிக்கொண்டு வருபவர்களை.

வீட்டில் இருக்கும் இருவருக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். நான்கு வேளையும் நேரம், காய்ச்சல், மூச்சு எண்ணிக்கை, அம்மாவுக்கு ஆக்சிஜன் அளவு. ஆக்சிமீட்டரை ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்ந்த பிறகு, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத, குளிர்ந்திராத விரலில் போட்டு, ஒரு நிமிடம் எண் நிலைத்த பின் எழுதுங்கள். அம்மாவுக்கு 94-க்குக் கீழே போனால் அன்றே டாக்டர், 92-க்குக் கீழே என்றால் நேராக மருத்துவமனை. மூச்சை நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து முழு 60 விநாடி எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், குழந்தையிடம் கணக்கு தப்பிப்போகும். அம்மாவுக்கு 24-ஐத் தாண்டினால் காட்ட வேண்டும், 30 என்றால் ஆம்புலன்ஸ், 108. பையன் அழாமல் அல்லது தூங்கும்போது 40-ஐத் தொட்டாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டாலோ இரவானாலும் கிளம்பிவிடுங்கள். பெரியவர்களிடம் பேச்சுக் குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது, மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போவது ஆகியவையும் அதே அவசரம்தான். வயதானவர்களுக்கு நிமோனியா சில சமயம் காய்ச்சலே இல்லாமல் இந்தக் குழப்பத்தோடுதான் தொடங்கும்.

ஆவி பிடிப்பது கிருமியைக் கொல்லாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் ஒவ்வொரு மழைக்காலமும் வார்டுக்கு வருகிறார்கள், பையனுக்கு அது வேண்டாம்.

அப்பா வீடு திரும்பிய பின் இருமலும் அசதியும் சில வாரம் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் சளியோடு இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம், எடுத்துவிடுங்கள். ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே மறுபடி எடுத்து, வெளுப்பு முழுதாகப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போகவில்லையென்றால் உள்ளே அடைப்போ கட்டியோ இருக்கிறதா என்று தேட வேண்டிவரும். புகை பிடிப்பவரென்றால் இதைத் தவறவே விடாதீர்கள். ஃப்ளூவும் நிமோனியாவும் வந்த முதல் சில வாரங்களில் மாரடைப்பு வாய்ப்பு கூடுகிறது. அதனால் புதிதாக நெஞ்சு இறுக்கமோ இடது கை வலியோ வந்தால் "பழைய சளிதான்" என்று விடாமல் ஈ.சி.ஜி. எடுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் டாபாக்ளிஃப்ளோசின் வகை இருந்தால், சரியாகச் சாப்பிட முடியாத நோய் நாட்களில் அதை நிறுத்திவைக்க வேண்டும். எப்போது திரும்பத் தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடம்பு தேறியதும் தடுப்பூசிகள். ஃப்ளூ ஊசி வருடம் ஒருமுறை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூ ஏறுவதால் செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வது நல்லது. நியூமோகாக்கஸுக்கு முதலில் 13 வகைக்கான கான்ஜுகேட் ஊசி, ஒரு வருடம் கழித்து 23 வகைக்கானது. 20 வகைக்கான கான்ஜுகேட் ஊசி கிடைத்தால் அந்த ஒன்றே போதும். ஒருமுறை நியூமோகாக்கஸ் நிமோனியா வந்ததால் அப்பாவுக்கு இனி வராது என்று எண்ண வேண்டாம், அதில் வகைகள் நூறுக்கு அருகில் இருக்கின்றன. அம்மாவுக்கு இந்த ஊசிகள் எப்போது என்பதை அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். குழந்தைகளுக்கான நியூமோகாக்கஸ் ஊசி, ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை, 2021 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் அரசு நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. உங்கள் மகனின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் பி.சி.வி. என்ற வரிசை காலியாக இருந்தால், காய்ச்சல் விட்ட பிறகு குழந்தை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.